இடிந்த சுவரின் பக்கத்தில் புதிய சுவர்

கட்டடக்கலை படிக்கும் மாணவர் ஒருவரின் கேள்வி இது: "போரில் அழிந்த ஒரு வரலாற்று இடத்தில் புதிய பொதுக் கட்டடம் வடிவமைப்பது எங்கள் இறுதியாண்டுத் திட்டம். இருந்தது இருந்தபடியே திரும்பக் கட்டுவது நல்லதா, முற்றிலும் புதிதாகக் கட்டுவது நல்லதா? எதை வைத்து முடிவு செய்வது? உலகில் இதைச் சரியாகச் செய்தவர்கள் யார்?"

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய பாணியா புதிய பாணியா என்று ஆரம்பித்தால் இந்தத் திட்டம் எங்கும் நகராது. எஞ்சி நிற்கும் இடிபாட்டை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அது எங்கே நிற்கும், புதிய கட்டடம் அதை எந்த இடத்தில் தொடும், அங்கே வரும் ஒருவர் இடிந்ததிலிருந்து புதியதற்கு எந்த வழியாக நடந்து போவார் என்று தெரிந்துவிட்டால், பாணி பற்றிய முடிவுகளில் பாதி தானாகவே வந்துவிடும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்த கட்டடம் இங்கிலாந்தின் கோவென்ட்ரி பேராலயம். அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதப் போகிறேன்.

1940 நவம்பர் 14 இரவு ஜெர்மானிய விமானப்படை கோவென்ட்ரி நகரைக் குண்டுவீசித் தகர்த்தது. ஐநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நகரின் நடுவில் இருந்த புனித மைக்கேல் பேராலயம், இடைக்காலத்தில் செம்மணற்கல்லில் கட்டப்பட்டது, அன்று இரவு எரிந்தது. கூரையும் உள்ளே இருந்த தூண்களும் போய்விட்டன. வெளிச்சுவர்களும், சுமார் 90 மீட்டர் உயரமுள்ள ஊசிக்கோபுரமும் தப்பின. பேராலயத்தின் தலைமைக் குரு ரிச்சர்ட் ஹோவர்ட் உடனேயே திரும்பக் கட்டுவோம் என்று அறிவித்தார். எரிந்து விழுந்த இரண்டு உத்தரங்கள் சிலுவைபோல் கிடப்பதைப் பார்த்த கொத்தனார் ஜாக் ஃபோர்ப்ஸ் அவற்றைக் கட்டி நிறுத்தினார். பின்னாளில் பழைய பலிபீடத்துக்குப் பின்னால் சுவரில் "பிதாவே, மன்னியும்" என்று பொறித்தார்கள். ஆக, ஆர்கிடெக்ட் யாரும் வருவதற்கு முன்பே மக்கள் அந்த இடத்தைப் புழங்கத் தொடங்கிவிட்டார்கள். உங்கள் திட்டத்திலும் இதைத் தேடிப் பாருங்கள். இடிந்த இடத்தில் ஜனங்கள் ஏற்கெனவே எங்கே பூ வைக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எந்த வழியாகக் குறுக்கே போகிறார்கள் என்பது எந்த அளவைப்படத்திலும் இருக்காது.

முதலில் இந்த வேலை கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் என்ற பெரிய ஆர்கிடெக்டிடம் போனது. அவருடைய திட்டம் ஏற்கப்படவில்லை, அவர் விலகிக்கொண்டார். 1950இல் போட்டி அறிவித்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட திட்டங்கள் வந்தன. கோபுரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று விதி இருந்தது. மற்ற சுவர்களை வைத்துக்கொள்வதும் இடிப்பதும் போட்டியாளரின் விருப்பம். 1951இல் வென்றவர் பேசில் ஸ்பென்ஸ். முதல் முறை அந்த இடத்துக்குப் போனபோதே, இந்த இடிபாட்டைத் தொடக் கூடாது, புதியது இதற்குப் பக்கத்தில் வர வேண்டும் என்று தோன்றிவிட்டதாக அவரே பிறகு எழுதியிருக்கிறார்.

அவர் செய்தது வரைபடத்தில் பார்த்தால் மிக எளிது. பழைய பேராலயம் வழக்கம்போல் கிழக்கு மேற்காகப் படுத்திருக்கிறது. புதியதை அதற்குச் செங்குத்தாக, வடக்கு நோக்கி வைத்தார். கிறிஸ்தவ மரபில் பலிபீடம் கிழக்கே இருக்க வேண்டும் என்ற பல நூற்றாண்டுப் பழக்கத்தையே இதற்காக விட்டார். இரண்டுக்கும் நடுவில் உயரமான ஒரு முகமண்டபம். இடிந்த பேராலயத்தின் கூரையில்லாத நடுக்கூடம் புதிய பேராலயத்துக்கு முற்றமாகிவிட்டது. வடக்குச் சுவர் வழியாக வெளியே வந்து சில படிகள் இறங்கினால் முகமண்டபம். அதைத் தாண்டினால் எதிரே கல் சுவர் கிடையாது. சுமார் 20 மீட்டர் உயரத்துக்கு முழுக்கக் கண்ணாடி. ஜான் ஹட்டன் அதில் புனிதர்களையும் தேவதூதர்களையும் பொறித்திருக்கிறார்.

அந்தக் கண்ணாடிதான் இந்தத் திட்டத்தின் உயிர். வெளியே இடிபாட்டுப் பக்கம் நின்றால், பொறித்த உருவங்களின் ஊடாகத் தொலைவில் பலிபீடமும், அதன் பின்னால் கிரஹாம் சதர்லாந்து வடிவமைத்து பிரான்சில் நெய்த, 20 மீட்டருக்கும் மேல் உயரமான திரைச்சீலையும் தெரியும். உள்ளே வழிபாடு முடிந்து திரும்பினால் அதே உருவங்களின் ஊடாக எரிந்த சுவர்கள் தெரியும். வாசலுக்குப் போகும் ஒவ்வொருவரும் அந்த இரவை எதிர்கொண்டுதான் வெளியேற வேண்டும். இதை ஸ்பென்ஸ் எந்தப் பலகையிலும் எழுதி விளக்கவில்லை. பார்வைக் கோட்டை வைத்தே சொல்லிவிட்டார்.

இன்னொன்றும் கவனியுங்கள். புதிய பேராலயத்தின் பக்கச் சுவர்கள் ரம்பப் பல்லைப்போல் மடிந்து மடிந்து போகின்றன. வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் எல்லாம் பலிபீடத்தை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. உள்ளே நுழையும்போது கல்லும், எங்கிருந்தோ கசியும் வண்ண ஒளியும் மட்டும் தெரியும். பலிபீடம் வரை போய்த் திரும்பிப் பார்த்தால்தான் ஜன்னல்கள் தெரியும். தூண்கள் கான்கிரீட். வழக்கத்துக்கு மாறாக மேலே அகலமாக இருந்து கீழே வர வர மெலிகின்றன. வடிவத்தில் பழைய கோதிக் (கூர்மையான வளைவுகள் கொண்ட இடைக்கால ஐரோப்பியப் பாணி) கட்டடத்தின் நகல் எதுவும் இல்லை. ஆனால் வெளிச்சுவருக்கு அவர் எடுத்தது மணற்கல், பழையதோடு ஒட்டிப் போகும் இளஞ்சிவப்பில். பொருளில் உறவு, வடிவத்தில் சுதந்திரம். புதிதாகக் கட்டுகிறோம் என்ற பெயரில் உருவம், பொருள், நிறம், உயரம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றும் மாணவர் திட்டங்களைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். எல்லாவற்றையும் மாற்றினால் பக்கத்தில் நிற்கும் பழைய சுவர் அநாதையாகிவிடும்.

இது எதிர்ப்பில்லாமல் நடந்துவிடவில்லை. ஸ்பென்ஸுக்கு வசைக் கடிதங்கள் குவிந்தன. மரபை விரும்பியவர்கள் இது மிக நவீனம் என்றார்கள், நவீனர்கள் இது மிகப் பழமை என்றார்கள். 1954இல் நகராட்சியே, வீடிழந்தவர்களுக்கு வீடு கட்ட ஆளும் பொருளும் போதாத நேரத்தில் பேராலயம் எதற்கு என்று கேட்டது. அது நியாயமான கேள்வி. அன்றைய பணித்துறை அமைச்சர் டேவிட் எக்கில்ஸ் அனுமதி கொடுத்ததால் வேலை தொடங்கியது. 1956இல் எலிசபெத் ராணி அடிக்கல் நாட்டினார், 1962 மே 25இல் திறப்பு. குண்டு விழுந்து இருபத்தோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த மாதிரித் திட்டங்களுக்கு அதுவே வேகம்தான்.

சரி, பக்கத்தில் வைப்பது ஒரு வழி. இடம் குறுகலாக இருந்தால்? மேலேயே கட்ட வேண்டியிருந்தால்? அதற்கு ஜெர்மனியின் கொலோன் நகரில் இருக்கும் கொலும்பா அருங்காட்சியகத்தைப் பாருங்கள்.

கொலும்பா ஒரு பெரிய இடைக்காலப் பங்குக் கோவில். இரண்டாம் உலகப் போரில் இடிந்தது. ஒரு தூணில் இருந்த மாதா சிலை மட்டும் இடிபாட்டின் நடுவே அப்படியே நின்றது. அதைச் சுற்றி காட்ஃபிரீட் பேம் என்ற ஆர்கிடெக்ட் 1950இல் ஒரு சிறிய எண்கோணச் சிற்றாலயம் கட்டினார். 'இடிபாடுகளின் மாதா' என்று பெயர். 1970களில் அகழ்ந்து பார்த்தபோது கோவிலுக்கு அடியில் ரோமானியர் கால வீடுகளின் சுவர்கள்வரை கிடைத்தன. ஆக ஒரே மனையில் ரோமானியச் சுவர், இடைக்காலச் சுவர், 1950இன் சிற்றாலயம். இவற்றின் மேல் கொலோன் உயர்மறைமாவட்டத்துக்கு ஓர் அருங்காட்சியகம் வேண்டும். 1997இல் போட்டியில் வென்ற பீட்டர் சும்தோர் 2007இல் முடித்துக் கொடுத்தார்.

அங்கே நான் மாணவர்களைப் பார்க்கச் சொல்வது செங்கல்லை. சும்தோர் இதற்கென்றே டென்மார்க்கில் கையால் செய்வித்த செங்கல் அது. அரை மீட்டருக்கு மேல் நீளம், கனம் நான்கு சென்டிமீட்டர்கூட இல்லை. வெளிர் சாம்பல் நிறம். எதற்கு இவ்வளவு தட்டை? உடைந்த கோதிக் சுவரின் விளிம்பு மேடும் பள்ளமுமாக இருக்கிறது. வழக்கமான செங்கல்லை அதன்மேல் அடுக்கினால் விளிம்பை வெட்டிச் சமப்படுத்த வேண்டும், அதாவது போர் உடைத்தது போதாதென்று நாமும் கொஞ்சம் உடைக்க வேண்டும். தட்டையான செங்கல் என்றால் அந்தக் கோணலை அப்படியே பின்தொடர்ந்து ஏறலாம். தெருவில் நின்று பார்த்தால் பழைய ஜன்னல் வளைவுகளும் கருத்த கல்லும் எங்கே முடிந்தன, சாம்பல் செங்கல் எங்கே தொடங்கியது என்று தெளிவாகவே தெரியும். ஆனால் நடுவில் இடைவெளி இல்லை, கண்ணாடிப் பட்டை இல்லை, எஃகுச் சட்டம் இல்லை. ஒன்று இன்னொன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பழையதையும் புதியதையும் ஒரு கண்ணாடிப் பட்டையால் பிரித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நம் கல்லூரிகளில் சொல்லிக்கொடுக்கிறோம். கொலும்பா அதற்கு மறுப்பு.

அகழாய்வுக் கூடத்துக்குள் கனமான தோல் திரையை விலக்கிக்கொண்டு போக வேண்டும். உள்ளே அரையிருட்டு. இடிபாடுகளின் மேல் செந்நிற மரப் பாலம் வளைந்து வளைந்து போகிறது. மேலே உள்ள காட்சிக்கூடங்களின் பாரத்தை ஒல்லியான தூண்கள் தாங்குகின்றன. அவை சீரான கட்டத்தில் இல்லை. பழைய சுவர்களைப் பார்த்து, எங்கே இடம் இருந்ததோ அங்கே இறக்கியிருக்கிறார்கள். கூடத்தின் சுவரில் மேல் பகுதியில் செங்கற்களை விட்டுவிட்டு அடுக்கியிருப்பதால் வெளிச்சம் புள்ளி புள்ளியாக விழுகிறது, வெளிக்காற்றும் தெருச் சத்தமும் உள்ளே வருகின்றன. இது அழகுக்கு மட்டும் செய்தது இல்லை. மண்ணிலிருந்து எடுத்த பழைய சுவரை மூடிய ஏசி அறையில் அடைத்தால் ஈரம் மாறி உப்புப் பூத்துச் சுவர் உதிரும். காற்றோட்டமான, சூடேற்றாத கூடம் அதற்கு நல்லது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பேம் கட்டிய சிற்றாலயம் முன்பு திறந்தவெளியில், பகல் வெளிச்சத்தில் நின்றது. போர் முடிந்த கையோடு, கையில் கிடைத்ததை வைத்து எழுப்பிய சின்னக் கட்டடம் அது. இப்போது அது புதிய கட்டடத்துக்குள் விழுங்கப்பட்டுவிட்டது, அதன் கண்ணாடிகளுக்கு நேரடி வெயில் இல்லை. கொலும்பாவை எவ்வளவு ரசித்தாலும் இந்த ஓரிடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. இடிபாட்டைப் போலவே, இடிபாட்டுக்கு முதலில் பதில் சொன்ன கட்டடமும் வரலாறுதான். உங்கள் மனையில் போருக்குப் பிறகு யாராவது தகரக் கொட்டகை போட்டு ஏதாவது நடத்தியிருந்தால், அதையும் அளவெடுத்து வையுங்கள்.

யார் முடிவு செய்வது என்ற கேள்விக்கு பெர்லின் நல்ல பாடம். கைசர் வில்ஹெல்ம் நினைவாலயம் 1943 நவம்பரில் குண்டுவீச்சில் சிதைந்து, கோபுரம் உச்சி உடைந்து நின்றது. 1957இல் போட்டியில் வென்ற எகோன் ஐயர்மன் அதையும் இடித்துவிட்டு முழுக்கப் புதிதாகக் கட்டத் திட்டம் கொடுத்தார். பெர்லின் மக்கள் விடவில்லை. பெரும் எதிர்ப்பு கிளம்பி, கடைசியில் அவர் இடிந்த கோபுரத்தை நடுவில் விட்டு, அதைச் சுற்றி எண்கோண ஆலயத்தையும் புதிய மணிக்கோபுரத்தையும் வைத்தார். 1961இல் திறந்தார்கள். கான்கிரீட் சட்டங்களில் பதித்த ஆழ்நீலக் கண்ணாடிச் சுவர், அதுவும் நடுவில் இடைவெளி விட்ட இரட்டைச் சுவர் என்பதால், பரபரப்பான தெரு நடுவே உள்ளே சத்தம் அடங்கிவிடுகிறது. இன்று அந்த மனையை நினைத்தால் எல்லாருக்கும் கண்ணில் வருவது உடைந்த கோபுரமும் நீல ஆலயமும் சேர்ந்து நிற்கும் காட்சிதான். திறமையான ஆர்கிடெக்ட் ஒருவர் வேண்டாம் என்று நினைத்ததை ஊர் வேண்டும் என்றது. ஊர் சொன்னதே சரியாக இருந்தது.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் இருந்தபடியே திரும்பக் கட்டுவது தவறா என்று கேட்பீர்கள். இல்லை. வார்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1944 எழுச்சிக்குப் பிறகு நாஜிகள் அந்த நகரைத் திட்டமிட்டு, தெருத் தெருவாக வெடிவைத்துத் தகர்த்தார்கள். போலந்து மக்களின் நகரம் என்று ஒன்று இருந்ததற்கே அடையாளம் இருக்கக் கூடாது என்பது நோக்கம். அங்கே பழைய ஓவியங்களையும் கட்டடக்கலை மாணவர்கள் முன்பு எடுத்து வைத்திருந்த அளவைப்படங்களையும் வைத்துப் பழைய நகரை இருந்தபடி எழுப்பினார்கள். 1980இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அழிப்பதே குறிக்கோளாக இருந்த இடத்தில், அதே முகத்தைத் திரும்ப நிறுத்துவது பொய்யாகாது.

யாழ்ப்பாணப் பொது நூலகமும் இந்த வகைதான். சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வடிவமைப்பில் எழுந்த அந்தக் கட்டடம் 1981இல் சுமார் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. பின்னர் பழைய தோற்றத்திலேயே சீரமைத்தார்கள். எரிந்த சுவரை அப்படியே சாட்சியாக விட்டிருக்க வேண்டும் என்று அப்போது கேட்டவர்கள் இருந்தார்கள். எனக்கு அந்த இரண்டு பக்கமும் புரிகிறது. நூலகம் திரும்ப வேண்டும் என்ற ஆசையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் புதுச் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவரைப் பார்க்கும் ஒரு சிறுவனுக்கு இங்கே என்ன நடந்தது என்பது தானாகத் தெரியாது. இருந்தபடி கட்டும்போது ஏதாவது ஒரு சுவர், ஒரு தூண், ஒரு படிக்கட்டு காயத்தோடு இருக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உள்ள பிராவன் ஆலயத்தில் இது நடந்தது. 1945இல் சரிந்த அந்த ஆலயத்தை 1994 முதல் 2005 வரை திரும்பக் கட்டியபோது, குவியலிலிருந்து பொறுக்கி எண்ணிட்ட ஆயிரக்கணக்கான பழைய கற்களை அவற்றின் இடத்திலேயே பதித்தார்கள். அந்த மணற்கல் வயதாக ஆகக் கருக்கும். ஆகவே வெளிர் சுவரில் கருப்புக் கற்கள் ஆங்காங்கே தெரியும்.

பெர்லினின் நோயஸ் அருங்காட்சியகம், இருந்தபடி கட்டுவதற்கும் புதிதாகக் கட்டுவதற்கும் இடைப்பட்ட வழி. டேவிட் சிப்பர்ஃபீல்டும் ஜூலியன் ஹாரப்பும் சேர்ந்து 2009இல் முடித்தது. குண்டில் போன பெரிய படிக்கட்டை அதே இடத்தில், அதே ஏற்றத்தில், அலங்காரம் எதுவும் இல்லாமல் வெளிர் கான்கிரீட்டில் போட்டிருக்கிறார்கள். பக்கச் சுவர்களில் பழைய சாந்தும் குண்டுத் துளைகளும் அப்படியே. பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிமுறையான 1964இன் வெனிஸ் சாசனம், புதிதாகச் சேர்ப்பது பழையதோடு இசைய வேண்டும், ஆனால் வேறுபட்டும் தெரிய வேண்டும் என்கிறது. அந்த ஒற்றை வரி கட்டடமாக நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் இங்கேதான் போக வேண்டும்.

அண்மைக்கால உதாரணம் வேண்டுமானால் ஈராக்கின் மோசுல். பன்னிரண்டாம் நூற்றாண்டு அல் நூரி மசூதியை 2017 ஜூனில் ஐஎஸ் அமைப்பினர் வெடிவைத்துத் தகர்த்தார்கள். யுனெஸ்கோ அமீரகத்தின் நிதியோடு சர்வதேசப் போட்டி நடத்தி, 2021இல் ஓர் எகிப்திய ஆர்கிடெக்ட் குழுவைத் தேர்ந்தெடுத்தது. உடனே ஈராக்கிய ஆர்கிடெக்டுகள் பலர், இது வளைகுடாக் கட்டடம்போல் இருக்கிறது, எங்கள் ஊரின் முகம் இதில் இல்லை என்று எதிர்த்தார்கள். ஊர் மக்களிடம் முன்கூட்டியே, போட்டி விதிகளை எழுதும்போதே கேட்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இது சாட்சி. வேலை நடக்கும்போது தொழுகைக் கூடத்தின் சுவருக்குள் வெடிக்காத ஐந்து பெரிய குண்டுகள் இருந்ததையும் கண்டுபிடித்தார்கள். கண்ணிவெடி அகற்றுவது, இடிபாட்டைப் பிரித்து அடையாளமிடுவது, அதற்குப் பிறகுதான் அளவெடுப்பு என்ற வரிசையை உங்கள் அறிக்கையில் கட்டாயம் எழுதுங்கள். அவசரமாக புல்டோசர் வைத்து மனையைச் சுத்தம் செய்துவிட்டால், அப்புறம் டிரெஸ்டன் மாதிரி கல் பொறுக்க எதுவும் மிஞ்சாது.

கடைசியாக ஒன்று, மாணவர் திட்டங்களை நான் எப்போதும் திருப்பி அனுப்புவது இதற்காகத்தான். இடிபாட்டை வைத்துக்கொள்கிறோம் என்று எழுதுகிறீர்கள், அதை மழையிலிருந்து எப்படிக் காப்பாற்றுவீர்கள் என்று எழுதுவதில்லை. கூரையோடு நிற்கக் கட்டிய சுவர் கூரை இல்லாமல் நிற்கும்போது அதன் தலை வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். சாந்து கரையும், செடி முளைக்கும், குளிர் நாடுகளில் உறைபனி கல்லைப் பிளக்கும். முன்பு கூரையும் குறுக்குச் சுவர்களும் பிடித்திருந்த உயரச் சுவர் இப்போது தனியாகக் காற்றைத் தாங்க வேண்டும். கோவென்ட்ரியின் பழைய சுவர்களே இந்தச் சிக்கலால் 2012இல் உலக நினைவுச்சின்ன நிதியம் வெளியிடும், ஆபத்தில் இருக்கும் பாரம்பரிய இடங்களின் கவனப் பட்டியலுக்குப் போயின. ஆகவே செக்ஷன் (கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டிக் காட்டும் படம்) வரையும்போது இடிந்த சுவரையும் அதன் அஸ்திவாரம் வரை வெட்டி வரையுங்கள். அதன் தலையில் எந்தச் சுண்ணாம்புக் காரை போடுகிறீர்கள், தண்ணீர் எந்தப் பக்கம் வழிகிறது, எங்கே எஃகுத் தாங்கல் கொடுக்கிறீர்கள் என்று காட்டுங்கள். செலவுப் பட்டியலில் ஆண்டுப் பராமரிப்புக்கென்று தனி வரி போடுங்கள், புதிய கட்டடத்துக்கு ஒன்று, இடிபாட்டுக்கு ஒன்று.